ஊற்றிய தண்ணீரும் தெளித்த தண்ணீரும்

1942 பிப்ரவரி 9, பிற்பகல் இரண்டரை மணி. நியூயார்க் நகரில் ஹட்சன் ஆற்றங்கரையின் 88-ஆம் எண் துறைமேடையில் 'நார்மண்டி' கட்டப்பட்டிருந்தது. பிரான்சில் கட்டிய பயணிகள் கப்பல். நீளம் 313 மீட்டர். 1935-இல் முதல் பயணத்திலேயே அட்லாண்டிக்கை மிக வேகமாகக் கடந்த பெருமையைத் தட்டிச் சென்றது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் அமெரிக்க அரசு அதை எடுத்துக்கொண்டது. 'லஃபாயெட்' என்று புதுப் பெயர் வைத்து, படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலாக மாற்றும் வேலை இரவு பகலாக நடந்துகொண்டிருந்தது.

முதல் வகுப்புப் பயணிகளின் பெரிய கூடத்தில் சில இரும்புத் தூண்களை எரிவாயுச் சுடரால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே மூட்டை மூட்டையாக உயிர்காப்பு உடைகள் அடுக்கிக் கிடந்தன. அவற்றுக்குள் அடைத்திருந்தது இலவம்பஞ்சு. நம் வீட்டுத் தலையணைக்குள் இருக்கிறதே, அதே பஞ்சுதான். தண்ணீரில் மிதக்கும் என்பதால் கடலில் விழுந்தவனைக் காப்பாற்ற அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நெருப்பு பட்டால் அது என்ன செய்யும் என்று இலவங்காய் வெடிப்பதைப் பார்த்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒரு பொறி பறந்து மூட்டையில் விழுந்தது. சில நிமிடங்களில் கூடம் முழுக்க நெருப்பு.

கப்பலின் தீயணைப்புக் குழாய் வாய்கள் பிரெஞ்சு அளவில் இருந்தன. நியூயார்க் தீயணைப்பு வீரர்களின் ஹோஸ்கள் அவற்றில் பொருந்தவில்லை. அதனால் தண்ணீர் வெளியிலிருந்தே வந்தது. கரையில் நின்ற வண்டிகள் ஒரு பக்கம், ஆற்றில் நின்ற தீயணைப்புப் படகுகள் மறுபக்கம். பனைமரத்தடிமனுக்கு எழும்பிய தாரைகள் மேல் தளங்களில் மணிக்கணக்காகக் கொட்டின. இரவு எட்டு மணிக்கெல்லாம் நெருப்பு கட்டுக்குள் வந்துவிட்டது.

கப்பல் மட்டும் மெல்ல மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது.

அதை வடிவமைத்த விளாதிமிர் யுர்கேவிச் அப்போது நியூயார்க்கில்தான் இருந்தார். செய்தி கேட்டு ஓடி வந்தார். கப்பலின் அடியில் உள்ள கடல்வாய்களைத் திறந்துவிட்டால் அடித்தளங்களில் நீர் நிறையும், கப்பல் நேராக இறங்கிச் சில அடி கீழே இருக்கும் சேற்றில் உட்கார்ந்துவிடும், பிறகு இறைத்து மிதக்கவிடலாம் என்று அவர் யோசனை சொன்னார். கடற்படை அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. அதிகாலை 2:45-க்கு நார்மண்டி இடதுபக்கமாக உருண்டு, பனி உறைந்த ஆற்றில் படுத்துவிட்டது. மறுநாள் காலையில் நகரமே வந்து நின்று பார்த்தது. அந்தக் கப்பல் பிறகு ஒருபோதும் கடலுக்குப் போகவில்லை. 1943-இல் பெரும்பாடுபட்டு நிமிர்த்தி, போர் முடிந்ததும் பழைய இரும்புக்கு விற்றார்கள்.

நெருப்பு அதை எரித்துத் தீர்க்கவில்லை. நெருப்பை அணைக்க ஊற்றிய தண்ணீரே அதைக் கவிழ்த்தது.

ஆரத்தித் தட்டில் தண்ணீர்

நிலத்தில் ஒரு வீடு எரிந்தால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது வாசல் வழியே தெருவுக்கு ஓடிவிடும். கப்பலில் ஊற்றிய தண்ணீருக்கு வாசல் கிடையாது. அது அங்கேயே நிற்கும். இரண்டரை அங்குல ஹோஸ் ஒன்று நிமிடத்துக்கு 950 லிட்டர் அளவில் கொட்டுகிறது என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 57 டன். நான்கு ஹோஸ் நான்கு மணி நேரம் ஓடினால் 900 டன்னைத் தாண்டும். அந்தப் பாரம் ஏறுவது கப்பலின் அடிவயிற்றில் அல்ல, தலைமேல்.

பாரத்தைவிடப் பொல்லாதது அந்தத் தண்ணீரின் ஆட்டம். ஆரத்தித் தட்டைக் கையில் ஏந்தியவர்களுக்கு இது தெரியும். தட்டு நிறையத் தண்ணீர் இருந்து, கை ஒரு நூல் சரிந்தால், முழுத் தண்ணீரும் சரிந்த பக்கமே ஓடும்; ஓடிய தண்ணீர் தட்டை இன்னும் சரிக்கும். அகலமான கப்பல் தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் இதேதான் நடக்கும். அலை ஒருமுறை சாய்த்தால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும்.

ஆக, கப்பலில் நெருப்போடு போராடுகிறவனுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று நெருப்பு. மற்றொன்று அவன் கையில் இருக்கும் ஆயுதம். தண்ணீரைக் குறைத்தால் நெருப்பு விழுங்கும், கூட்டினால் கடல் விழுங்கும். குறைந்த தண்ணீரை வைத்து நிறைய நெருப்பை அடக்க ஏதாவது வழி உண்டா? இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் கப்பல்காரர்கள் இன்றும் 'ஃபாக்' என்று சொல்லும் நீர்ப்பனி.

துளியின் கணக்கு

பதிலின் விதை நம் அடுக்களையிலேயே இருக்கிறது. விறகடுப்பை அணைக்க எந்தப் பாட்டியும் குடத்தைக் கவிழ்த்ததில்லை. கையில் அள்ளித் தெளிப்பாள். 'சுர்'ரென்று ஆவி எழும், கொள்ளி கறுத்து அடங்கும், அடுப்பு ஈரமாவதுகூட இல்லை. கொல்லன் உலையிலும் கரிமேல் தண்ணீர் தெளிப்பதுதான் வழக்கம். ஊற்றுவதற்கும் தெளிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் மொழி எப்போதோ இரண்டு வினைகளாகப் பிரித்து வைத்துவிட்டது. அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் 335 கிலோஜூல் வெப்பம் போதும். கொதிக்கும் அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க இன்னும் 2,257 கிலோஜூல் வேண்டும். கிட்டத்தட்ட ஏழு மடங்கு. அதாவது தண்ணீரின் உண்மையான பலம் அது ஆவியாகும் கணத்தில்தான் இருக்கிறது. நெருப்பின்மேல் பாய்ந்து, கொதிக்கக் கொதிக்கத் தளத்தில் வழிந்தோடும் தண்ணீர் தன்னால் முடிந்ததில் எட்டில் ஒரு பங்கு வேலையைத்தான் செய்திருக்கிறது. பாக்கி ஏழு பங்கும் வீண். வீணானது மட்டுமல்ல, கப்பலுக்குப் பாரம்.

தண்ணீரை முழுக்க ஆவியாக்குவது எப்படி? அதன் உடம்பை நெருப்புக்கு முடிந்தவரை காட்ட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே உருண்டையாகப் பிடித்தால் அதன் வெளிப்பரப்பு ஒரு நாளிதழின் கால் பக்கம்தான் வரும். அதையே ஒரு மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் 19 லட்சம் துளிகள். மொத்தப் பரப்பு ஆறு சதுர மீட்டர், சின்ன அறையின் தரை அளவு. 0.3 மில்லிமீட்டராக உடைத்தால் ஏழு கோடித் துளிகள். பரப்பு இருபது சதுர மீட்டர். தண்ணீர் அதே ஒரு லிட்டர்தான். நெருப்பைத் தொடும் உடம்பு நானூறு மடங்கு பெருகிவிட்டது.

ஆவியான பிறகும் அது சும்மா இருப்பதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிநிலையில் சுமார் 1,700 லிட்டர் ஆவியாக விரிகிறது. மூடிய அறைக்குள் அந்த ஆவி, எரியும் வாயுக்களையும் காற்றையும் ஒதுக்கித் தள்ளுகிறது. கையை நனைத்துத் தோசைக்கல்லில் உதறும்போது கேட்கும் அந்தச் 'சுர்' ஒலிக்குள் வெப்பத்தைக் குடிப்பது, காற்றை விலக்குவது என்ற இரண்டு வேலைகளும் அடங்கியிருக்கின்றன.

துளி எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. மிக நுண்ணிய துளி, நெருப்பு எழுப்பும் சூடான காற்றில் அடித்துச் செல்லப்படும். நெருப்பின் அடிவாரத்துக்குப் போய்ச் சேராது. மிகப் பெரிய துளி வெப்பத்தைக் குடிக்க நேரமில்லாமல் தளத்தில் விழுந்துவிடும். எரியும் அறையின் வாயுக்களைக் குளிர்விக்க 0.3 மில்லிமீட்டரை ஒட்டிய அளவே பொருத்தம் என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள்.

மூன்று நிலைக் கைப்பிடி

கணக்கு சரி. அதைச் செய்து காட்டும் கருவி வேண்டுமே? தண்ணீரைச் சிதறடிக்கும் நாசில்கள் போருக்கு முன்பே நிலத்தில் இருந்தன. ஆனால் தீயணைப்பு வீரர்களின் மனம் தாரையிலேயே நின்றது. தொலைவில் நின்று பீய்ச்சி அடிப்பதுதான் வீரம் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. பூத்தூறலாக விழும் தண்ணீர் பெருநெருப்பை அடக்கும் என்று பார்த்தவுடன் நம்புவதும் கடினம்தான்.

போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை 'ஆல் பர்ப்பஸ் நாசில்' என்ற ஒன்றைத் தன் கப்பல்களெங்கும் கொடுத்தது. கையில் எடுத்தால் கனக்கும் பித்தளைக் கருவி. மேலே வளைந்த கைப்பிடி. கைப்பிடியை முன்னால் தள்ளினால் தண்ணீர் நிற்கும். நேராக நிமிர்த்தினால் ஃபாக். பின்னால் இழுத்தால் நேர்த்தாரை. இருட்டிலும் புகையிலும், எழுதியதைப் படிக்க முடியாத நிலையில், கை தடவியே தெரிந்துகொள்ளும்படி அமைந்திருந்தது. பயந்து போனவன் கையை முன்னால் தள்ளினால் மூடிக்கொள்ளும். கொஞ்சம் இழுத்ததும் முதலில் வருவது தாரை அல்ல, பனி.

ஃபாக் முனையில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவற்றிலிருந்து வரும் மெல்லிய தாரைகள் ஒன்றோடொன்று மோதும்படி சாய்வாகத் துளைத்திருப்பார்கள். மோதிய வேகத்தில் இரண்டும் உடைந்து தூளாகும். எந்த இயந்திரமும் இல்லை, சுழலும் பாகமும் இல்லை. தண்ணீரைத் தண்ணீராலேயே உடைக்கும் எளிய உத்தி.

அதோடு நீண்ட குழாய்களும் வந்தன. 4, 10, 12 அடி நீளம். நுனி வளைந்து, அதில் ஃபாக் தலை பொருத்தியிருக்கும். பார்ப்பதற்கு நம் ஊரில் மாங்காய் பறிக்கும் துறட்டி மாதிரி. கதவைத் திறந்து உள்ளே போக முடியாத அறைக்குள், தளத்தின் திறப்பு வழியாக இந்தத் துறட்டியை இறக்கினால், வளைந்த நுனி உள்ளே குடை விரித்ததுபோல் பனியைப் பொழியும். பிடித்தவன் வெளியே இருப்பான்.

கருவி வந்தாலும் கை பழக வேண்டும். கப்பல் தீயணைப்பு என்பது ஒருசிலரின் தனி வேலை என்ற நிலை மாறி, மாலுமி ஒவ்வொருவரும் கற்க வேண்டியது என்றாயிற்று. நகரத் தீயணைப்புத் துறைகளிலிருந்து அனுபவசாலிகளை அதிகாரிகளாகச் சேர்த்துக்கொண்டு கடற்படை பள்ளிகள் திறந்தது. கப்பல் அறைகளைப் போலவே இரும்பில் கூடுகள் கட்டி, உள்ளே எண்ணெயை ஊற்றிக் கொளுத்தி, பதினெட்டு வயதுப் பையன்களை ஹோஸோடு உள்ளே அனுப்பினார்கள்.

அந்தக் கூட்டுக்குள் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கதவு திறந்ததும் வெப்பம் முகத்தில் அறையும். கால் தானாகப் பின்வாங்கும். நாசில் பிடித்தவன் ஃபாக்கை அகலமாகத் திறக்கிறான். அவனுக்கும் நெருப்புக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் திரை எழும்புகிறது. அனலைக் கோடிக்கணக்கான துளிகள் குடித்துக்கொள்கின்றன. ஒரு நொடிக்கு முன் நிற்க முடியாத இடத்தில் இப்போது நிற்க முடிகிறது. பின்னால் இருப்பவன் தோளோடு தோள் ஒட்டி ஹோஸைத் தாங்க, இருவரும் குனிந்து ஓரடி வைக்கிறார்கள். திரையும் ஓரடி நகர்கிறது. நெருப்பைக் கண்டு ஓடும் பிறவிப் பயத்தைப் போக்கியது எந்தப் பேச்சும் அல்ல, அந்தத் திரைதான். தண்ணீர் அங்கே ஆயுதம் மட்டுமல்ல, கேடயமும்கூட.

லேமன் கண்ட மூடிய அறை

கடற்படைக்குப் பக்கத்திலேயே அமெரிக்கக் கடலோரக் காவல் படையும் ஒரு தீயணைப்புப் பள்ளி நடத்தியது. இடம், பால்டிமோர் நகரத்து மெக்ஹென்றி கோட்டை. 1814-இல் ஆங்கிலேயக் கப்பல்கள் அந்தக் கோட்டையைக் குண்டுவீசித் தாக்கியதைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் நாட்டுப்பண் எழுதப்பட்டது. அங்கே பள்ளியை நடத்தியவர் லாய்ட் லேமன். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் பார்க்கர்ஸ்பர்க் என்ற சிறு நகரத் தீயணைப்புத் தலைவராக இருந்து போருக்கு வந்தவர்.

லேமனுக்கு முன்னால் இருந்த சிக்கல் இன்ஜின் அறை. எண்ணெய் தீப்பிடித்த இன்ஜின் அறைக்குள் மேலிருந்து ஏணியில் இறங்குவது புகைபோக்கிக்குள் இறங்குவதற்குச் சமம். ஆளை இறக்காமல் அணைக்க முடியுமா என்று அவர் திரும்பத் திரும்பச் சோதித்தார். கதவுகளையும் காற்று வழிகளையும் மூடினார். உயரத்தில் ஒரு திறப்பு வழியாக மட்டும் ஃபாக்கை உள்ளே செலுத்தினார். அறையின் மேல்பகுதியில்தான் வெப்பம் திரண்டிருக்கும். அங்கே பட்ட துளிகள் உடனே ஆவியாகி, ஆவி அறை முழுவதும் பரவி, தண்ணீர் நேரடியாகப் படாத மூலைகளில் எரிந்த நெருப்பையும் அடக்கியது. வெளியே நின்றவர்கள் காத்திருந்துவிட்டுத் திறந்தபோது, உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் மிகக் குறைவு.

நெருப்பின் அடியைக் குறிவைத்து அடி என்பதுதான் அதுவரை எல்லோருக்கும் கற்பித்த பாடம். லேமன் நெருப்பைப் பார்க்காமலே, அதன் வெப்பத்தை மட்டும் குறிவைத்து அடித்தார். கப்பலின் இரும்பு அறை இதற்கு வாகாக அமைந்தது. நன்றாக மூடலாம், ஆவி வெளியேறாது, உள்ளே ஆளும் இல்லை. இந்த மூன்று நிபந்தனைகளையும் மறக்கக் கூடாது. பின்னால் கதை திரும்பும் இடம் அதுதான்.

மூன்று கப்பல்கள் சொன்ன பாடங்கள்

1942 மே 8-இல் பவளக்கடல் போரில் 'லெக்சிங்டன்' விமானந்தாங்கிக் கப்பல் அடிபட்டது. எதிரியின் அடியைத் தாங்கிய பிறகு, கசிந்த விமானப் பெட்ரோலின் ஆவி உள்ளே வெடித்து, நெருப்பு கைமீறிப் போய், மாலையில் கப்பலைக் கைவிட்டார்கள்.

மூன்றாண்டு கழித்து, 1945 மார்ச் 19. ஜப்பான் கரையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் நின்ற 'ஃபிராங்க்ளின்' விமானந்தாங்கி மீது இரண்டு குண்டுகள் விழுந்தன. தளத்தில் பெட்ரோலும் குண்டும் நிரப்பிய விமானங்கள் புறப்படத் தயாராக நின்றிருந்தன. பெட்ரோல் ஆறாக ஓடி எரிந்தது. குண்டுகளும் ராக்கெட்டுகளும் சூடேறி மணிக்கணக்கில் வெடித்தன. 800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நிலையிலும் பிழைத்தவர்கள் ஹோஸை விடவில்லை. கப்பலின் பாதிரியார் ஜோசப் ஓகாலஹன் காயம்பட்டவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே தீயணைப்புக் குழுக்களை முன்நின்று நடத்தினார். புகைக்குள் சிக்கிய 300 பேரை, வழி தேடிக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்தார் டொனால்ட் கேரி என்ற இன்ஜின் பிரிவு அதிகாரி. இருவருக்கும் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. 'சான்டா ஃபே' என்ற போர்க்கப்பல் பக்கத்தில் ஒட்டி நின்று தன் ஹோஸ்களால் கைகொடுத்தது. ஏப்ரல் 28-இல் ஃபிராங்க்ளின் நியூயார்க் வந்து சேர்ந்தது.

ஃபிராங்க்ளினை ஃபாக் ஒன்றே காப்பாற்றியது என்று எழுதினால் அது பொய். பள்ளியில் பழகிய கைகள், அண்டைக் கப்பலின் துணிவு, எல்லாம் சேர்ந்து காப்பாற்றின. அன்றைக்கும் கப்பல் வலப்பக்கம் 13 டிகிரி சாய்ந்து நின்றது. காரணம், மேல் தளங்களில் தேங்கிய தீயணைப்புத் தண்ணீர். நார்மண்டியின் விதி ஃபிராங்க்ளினையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனது. தெளிக்கக் கற்றாலும், தேங்கியதை இறைக்கவும் கற்க வேண்டும் என்பது அன்றைய பாடம்.

அதற்கு ஓராண்டு முன்பே இன்னொரு பாடத்தைக் காட்டிய ஒரு துறைமுகம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1944 ஏப்ரல் 14, பம்பாய் விக்டோரியா டாக். 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற சரக்குக் கப்பலின் இரண்டாம் எண் சரக்கறையில் பஞ்சுப் பொதிகள் புகைய ஆரம்பித்தன. அதே கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள். புகையின் அடர்த்தியில் நெருப்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. 900 டன்னுக்கு மேல் தண்ணீர் ஊற்றினார்கள். இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதியின் உள்ளே கனியும் நெருப்பை அந்தத் தண்ணீர் தொடவில்லை. சுற்றிலும் தண்ணீர் கொதித்ததுதான் மிச்சம். மாலை 4:06-க்குக் கப்பல் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். இந்தியா முழுவதும் ஏப்ரல் 14 தீத்தொண்டு நாளாக அனுசரிக்கப்படுவது அவர்கள் நினைவாகத்தான். அந்தச் சரக்கறையில் ஃபாக் இருந்தால் காப்பாற்றியிருக்கும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் தண்ணீரின் எடை வேறு, தண்ணீரின் வேலை வேறு என்பதை அந்த 900 டன்னைப்போல வேறெதுவும் காட்டவில்லை.

கரையேறிய பனி

போர் முடிந்து லேமன் தன் ஊருக்குத் திரும்பினார். கப்பலில் கற்றதை வீடுகளிலும் கட்டடங்களிலும் சோதித்துப் பார்த்தார். 1950-இல் மெம்ஃபிஸ் நகரில் கூடிய தீயணைப்புப் பயிற்றுநர் மாநாட்டில், 'சின்னச் சின்ன நீர்த்துளிகள்' என்று பொருள்படும் தலைப்பில் உரையாற்றினார். 1952-இல் புத்தகமும் எழுதினார். அமெரிக்கத் தீயணைப்பு உலகம் இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீத் ராயர், ஃபிலாய்ட் நெல்சன் என்ற இருவர் அறையின் கன அளவுக்கு எவ்வளவு தண்ணீர் போதும் என்று கணக்கிட்டு ஒரு சூத்திரமே தந்தார்கள்.

ஆனால் கப்பல் வேறு, வீடு வேறு. மூன்று நிபந்தனைகள் சொன்னேன் அல்லவா? வீட்டில் சன்னல் உடைந்திருக்கும், ஆவி வெளியே போய்விடும். அதைவிட முக்கியம், உள்ளே மனிதர் இருக்கலாம். 1,700 மடங்கு விரியும் ஆவி நெருப்பை மட்டும் தேடிப் போவதில்லை. தரையில் விழுந்து கிடக்கும் மனிதரையும் வேக வைக்கும். ஹோஸ் பிடித்தவர்களும் வெந்தார்கள். அகலமாகத் திறந்த ஃபாக், தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் காற்று நெருப்பை அடுத்த அறைக்குத் தள்ளவும் செய்யும். இதையெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பல ஊர்கள் தாரைக்கே திரும்பின. 1980-களில் ஸ்வீடன் நாட்டவர் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். தொடர்ந்து பொழியாமல், கூரையடியில் திரளும் புகையின்மேல் நொடிக்கணக்கில் விட்டு விட்டுத் தெளித்தார்கள். வாயு குளிரும், ஆவி பெருகாது. அடுப்பில் அள்ளித் தெளித்துவிட்டு ஒரு கணம் நின்று பார்க்கும் பாட்டியின் கை அங்கேயும் வேலை செய்தது.

இன்றைய கப்பலில்

கப்பலில் அந்தப் பனி நிலைத்துவிட்டது. கடலில் மனித உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை, கப்பலின் ஒவ்வொரு நாசிலும் தாரை, சாரல் இரண்டையும் தர வேண்டும், அங்கேயே மூடவும் முடிய வேண்டும் என்கிறது. நாசில்களின் நிலையான அளவுகள் 12, 16, 19 மில்லிமீட்டர். போர்க்காலத்துத் துறட்டியும் போய்விடவில்லை. 36-க்கு மேல் பயணிகளை ஏற்றும் கப்பல்களின் இன்ஜின் அறையில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். நீண்ட கை சுமார் இரண்டு மீட்டர், வளைந்த குட்டைக் கை 250 மில்லிமீட்டர் என்று அளவோடு விதி எழுதியிருக்கிறது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மான்ட்ரியல் உடன்பாடு வந்து, நெருப்பை அணைக்க ஹாலான் வாயுக் கருவிகளைக் கப்பல்களில் புதிதாகப் பொருத்துவது முடிவுக்கு வந்தபோது, அதன் இடத்தை நிரப்ப முன்வந்தவற்றுள் இன்னும் நுண்ணிய நீர்மூடுபனியும் ஒன்று. 2002 முதல், பெரிய இன்ஜின் அறைகளில் இன்ஜினின் எண்ணெய் தெறிக்கக்கூடிய இடங்களுக்கு நேர்மேலேயே தெளிப்பான்கள் கட்டாயம். 2016 முதல் கட்டப்படும், மேல் தளத்தில் கன்டெய்னர் ஏற்றும் கப்பல்களில், கன்டெய்னரின் இரும்புத் தகட்டைத் துளைத்து உள்ளே பனியைப் பாய்ச்சும் ஈட்டி ஒன்றாவது இருக்க வேண்டும்.

இவற்றைப் பிடிக்கும் கைகளில் நம் கைகளும் உண்டு. தூத்துக்குடியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலுக்குப் போகிறவர்கள் எவராயினும், முதல் பயணத்துக்கு முன் தீயணைப்புப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அங்கே அவர்களுக்குச் சொல்லித் தருவது இதுதான். எரியும் எண்ணெயில் தாரையை அடிக்காதே, எண்ணெய் தெறித்து நெருப்பு பரவும். சாரலாக மேலே பரப்பு. மின்சாரம் உள்ள இடத்தில் தாரை உன் கைவரை மின்சாரத்தைக் கொண்டுவரும். எரியும் அறைக்கு மேல், கீழ், நான்கு பக்கம் என்று ஆறு முகம். ஆறிலும் இரும்பு சூடேறும். சுற்றியுள்ள சுவர்களைக் குளிர்வி. தொலைவில் எட்ட வேண்டுமானால் தாரை, அருகில் நெருங்க வேண்டுமானால் ஃபாக். எதைத் திறந்தாலும், ஊற்றியது எங்கே போகிறது என்று பார்.

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கதையைச் சொல்ல வந்தேன். மாதாமாதம் நடக்கும் தீயணைப்பு ஒத்திகையில், பம்ப் ஓட ஆரம்பித்து ஹோஸ் விறைத்ததும், புதிதாகச் சேர்ந்த பையன் நாசிலைத் திருப்பித் தாரையைச் சாரலாக்குகிறான். முன்னால் வெள்ளைக் குடை விரிகிறது. வெயில் இருந்தால் அதில் ஒரு வானவில்லும் தெரியும். அவனுக்குப் பின்னால் நிற்கும் மூத்த மாலுமி குடையைப் பார்ப்பதில்லை. தளத்தின் ஓரத்து வடிகால் அடைபடாமல் தண்ணீரை விழுங்குகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.